இரண்டாவது வைஃபை பெயர் வைத்த பிறகும் மாணவர்களுக்கு என் பிரிண்டர் தெரிகிறது, ஏன்?

மாடி வகுப்பு:

வணக்கம். பாளையங்கோட்டையில் வீட்டு மாடியில் கணித டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்பும் பிளஸ் டூவும் சேர்த்து 22 பிள்ளைகள். கேள்வி ரவுட்டரைப் பற்றியது. ஆனால் போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்லாமல் கேள்விக்கு வர முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரவு ஏழரை மணி. கீழே ஹாலில் மாமியார் தொடர் பார்த்துக்கொண்டிருந்தார். நாயகி உயிலைப் பிரிக்கிறாள். அந்த நொடியில் திரையில் யாரோ இறங்கி வந்து சிக்ஸர் அடிக்கிறார். மாமியார் ரிமோட்டைத் தட்டினார், டிவியின் முதுகைத் தட்டினார், கடைசியில் என்னைக் கூப்பிட்டார். மாடியில் ஒரு பையன் இடைவேளையில் கைபேசியில் பழைய ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தவன், டிவிக்கு அனுப்பும் பொத்தானைத் தெரியாமல் தொட்டிருக்கிறான். "டீச்சர், வீடியோ எங்கேயோ போய்விட்டது" என்று அவனும் விழித்துக்கொண்டு நின்றான். உயிலில் என்ன எழுதியிருந்தது என்பது என் மாமியாருக்கு மறுநாள் மதியம் மறுஒளிபரப்பில்தான் தெரிந்தது. அதுவரை என்னோடு பேசவில்லை.

சனிக்கிழமை பிரிண்டர் தானாக விழித்து நான்கு பக்கம் அச்சடித்தது. யாரோ ஒருவனின் இயற்பியல் செய்முறை ஏட்டு முகப்பு. பெயர், வகுப்பு, பிரிவு எல்லாம் கொட்டை எழுத்தில் இருந்ததால் குற்றவாளியைத் தேடும் வேலை மிச்சம்.

வீட்டு அமைப்பு இதுதான். ஃபைபர் இணைப்பு ஹாலுக்கு வருகிறது. நிறுவனம் கொடுத்த மோடம் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது; அதிலேயே வைஃபை உண்டு. அதிலிருந்து ஒரு லேன் கேபிள் மாடிப்படி ஜன்னல் வழியாக ஏறி, வகுப்பறையில் இருக்கும் தனி ரவுட்டருக்குப் போகிறது. அக்கா மகன் இரண்டு வருடத்துக்கு முன்பு அமைத்துக் கொடுத்துவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டான். இணைப்பின் வேகம் 100 எம்பிபிஎஸ். இதுவரை எல்லோரும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்.

அந்தச் சனிக்கிழமை இரவே மாடி ரவுட்டரின் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். ஒரே ரவுட்டரில் இன்னொரு வைஃபை பெயர் உண்டாக்க இடம் இருந்தது. உண்டாக்கினேன். அதற்குப் புதுக் கடவுச்சொல். பழைய பெயரின் கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். பிள்ளைகள் எல்லோரையும் புதிய பெயருக்கு மாற்றினேன். நிம்மதியாகத் தூங்கினேன்.

திங்கட்கிழமை, அந்தச் செய்முறை ஏட்டுக்காரனையே சோதனைக்கு அமர்த்தினேன். கைபேசியில் பிரிண்டரைத் தேடச் சொன்னேன். "இப்போதும் தெரிகிறது டீச்சர்" என்றான், கொஞ்சம் மகிழ்ச்சியோடு.

என் சந்தேகங்கள் மூன்று. பெயர் வேறு, கடவுச்சொல் வேறு. பிறகு எப்படி அவனுக்குக் கீழ்வீட்டுப் பிரிண்டர் தெரிகிறது? ஒரே ரவுட்டரில் இருக்கும் இரண்டு பெயர்களை இரண்டு சேனல்களில் வைக்க முடியுமா? மூன்றாவது சின்னது, ஆனால் உறுத்துகிறது: புதிய வைஃபைக்கு 'விருந்தினர்' என்று தமிழில் பெயர் வைக்கப் பார்த்தேன், ரவுட்டர் மறுத்துவிட்டது. 'விருந்து' என்றால் ஏற்றுக்கொள்கிறது. விருந்து வேண்டும், விருந்தினர் வேண்டாம் என்பது என்ன நியாயம்?

பொருநைக்காரன்:

டீச்சர், வணக்கம். நானும் நெல்லைதான். எளிய வழி இருக்கிறது. வீட்டு வைஃபையின் பெயரை மறைத்துவிடுங்கள். ரவுட்டரில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். கண்ணில் படாததைப் பையன்கள் தேட மாட்டார்கள். கூடவே மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண்) வடிகட்டியைப் போட்டு, வீட்டுக் கைபேசிகளை மட்டும் அனுமதியுங்கள். எங்கள் கடையில் ஐந்து வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

கம்பியும் அலையும்:

பொருநைக்காரன் மன்னிக்க வேண்டும். அவர் சொன்ன இரண்டும் வாசல் கதவுக்கு வர்ணம் அடிக்கும் வேலை. டீச்சர் வீட்டில் பையன்கள் ஏற்கெனவே உள்ளே இருக்கிறார்கள்.

பெயரை மறைத்தால் என்ன ஆகிறது என்றால், ரவுட்டர் பெயரைக் கூவுவதை நிறுத்துகிறது. அதற்குப் பதில் உங்கள் கைபேசி கூவ ஆரம்பிக்கிறது. மறைந்த வைஃபையைச் சேமித்து வைத்திருக்கும் கைபேசி, போகிற இடமெல்லாம் "அந்தப் பெயர் இங்கே இருக்கிறதா?" என்று கேட்டுக்கொண்டே போகும். வண்ணார்பேட்டை பஸ் நிறுத்தத்திலும் கேட்கும். மேக் வடிகட்டியும் முன்பு போல் வேலை செய்யாது. ஆண்ட்ராய்டு 10 வந்த 2019 முதலும், ஐஓஎஸ் 14 வந்த 2020 முதலும் கைபேசிகள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு கற்பனை மேக் முகவரியை உண்டாக்கிக் காட்டுகின்றன. உங்கள் வீட்டுக் கைபேசியே ஒரு நாள் வெளியே நிற்கும்.

இனி டீச்சரின் முதல் கேள்வி. வைஃபை பெயர் என்பது வலையமைப்பு அல்ல. அது ஒரு வாசல். கல்யாண மண்டபத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வாசல், பெண் வீட்டார் வாசல் என்று இரண்டு இருக்கலாம். இரண்டு வாசலிலும் வேறு வேறு ஆள் நின்று அழைப்பிதழ் கேட்கலாம். உள்ளே போய்விட்டால் ஒரே பந்திதான். நீங்கள் இரண்டாவது வாசல் கட்டினீர்கள். சுவர் கட்டவில்லை.

ஒரு ரவுட்டரில் ஒரு அலைவரிசைக்கு ரேடியோ ஒன்றுதான் (2.4 கிகாஹெர்ட்ஸுக்கு ஒன்று, 5-க்கு ஒன்று). அந்த ஒரே ரேடியோ பல குரலில் பேசுவதைத்தான் மெய்நிகர் வைஃபை என்கிறோம். ஒவ்வொரு பெயருக்கும் தனியாக ஒரு மேக் முகவரியும், தனியாக ஒரு சங்கேதமும் உண்டு. அதனால் வெளியே இருந்து பார்த்தால் இரண்டு பெட்டிகள் போலவே தெரியும். பெட்டிக்குள் இரண்டும் ஒரே பாலத்தில் (இணைப்புகளை ஒரே வலையமைப்பாகச் சேர்க்கும் இடம்) வந்து சேர்ந்தால், பிரிண்டருக்கு அது யார் எந்த வாசலில் வந்தார்கள் என்றே தெரியாது.

இதிலேயே இரண்டாவது கேள்விக்கும் விடை இருக்கிறது. ஒரே ரேடியோ என்பதால் ஒரே சேனல். வீடு 1-லும் டியூஷன் 6-லும் வைக்க முடியாது. அதோடு, பெயர்களை ஆசைக்கு அடுக்கவும் கூடாது. ஒவ்வொரு பெயரும் 102.4 மில்லி விநாடிக்கு ஒரு முறை 'நான் இருக்கிறேன்' என்று அறிவிக்கிறது. 2.4-இல் அந்த அறிவிப்பு மிகப் பழைய, மிக மெதுவான 1 எம்பிபிஎஸ் வேகத்தில் போகும். 300 பைட் அறிவிப்பு என்று வைத்துக்கொண்டால், முன்னொட்டோடு சேர்த்துச் சுமார் 2.6 மில்லி விநாடி. நீங்கள் கணித ஆசிரியர், வகுத்துக்கொள்ளுங்கள்: ஒரு பெயருக்குக் காற்றில் இரண்டரை சதவீதம். நான்கு பெயர் வைத்தால் யாரும் எதையும் பார்க்காமலே பத்து சதவீதம் போய்விடும். பக்கத்து வீட்டுப் பெயர்களும் அதே சேனலில் இருந்தால் அவையும் இதில் சேரும். இரண்டு பெயர் போதும்.

மூன்றாவது கேள்வி எனக்குப் பிடித்திருக்கிறது. வைஃபை பெயருக்கு உச்சவரம்பு 32 எழுத்து என்பார்கள். உண்மையில் 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட், புள்ளியும் கொம்பும் தனிக்கணக்கு. 'விருந்தினர்' என்பதில் வ, இகரக் குறி, ர, உகரக் குறி, ந, புள்ளி, த, இகரக் குறி, ன, ர, புள்ளி: மொத்தம் 11. பதினொன்றை மூன்றால் பெருக்கினால் 33. ஒரே ஒரு பைட்டில் விருந்தினர் தெருவில் நிற்கிறார். 'விருந்து' 24, தாராளமாக நுழையும். இங்கே உங்கள் புனைபெயரான 'மாடி வகுப்பு' 34, அதுவும் தேறாது.

இப்போது நீங்கள் ஒன்று செய்ய வேண்டும். மாணவனின் கைபேசியில் வைஃபை விவரத்தைத் திறந்து ஐபி முகவரியை (வலையமைப்புக்குள் அந்தக் கருவியின் கதவு எண்) பாருங்கள். பிரிண்டரின் ஐபி முகவரியையும் பாருங்கள். மாடி ரவுட்டரில் கேபிள் எந்தத் துளையில் செருகியிருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

மாடி வகுப்பு:

33-ஐ நானே எண்ணிப் பார்த்தேன். சரிதான். வகுப்பில் நாளை இதைக் கேள்வியாகக் கொடுக்கப் போகிறேன்.

மாணவன் கைபேசி: 192.168.1.23. பிரிண்டர்: 192.168.1.14. மாடி ரவுட்டரில் நான்கு மஞ்சள் துளை (உள்வீட்டுக்கு), ஒரு நீலத் துளை (வெளி இணையத்துக்கு). கேபிள் மஞ்சளில் இருக்கிறது. ரவுட்டர் பக்கத்தில் 'ஆக்சஸ் பாயிண்ட் முறை' என்று எழுதியிருக்கிறது; அதாவது தனி வலையமைப்பு இல்லை, மோடத்தினுடையதையே நீட்டுகிறது.

இதை ரவுட்டர் முறைக்கு மாற்றி, கேபிளை நீலத்தில் செருகினால் முடிந்ததா? அந்த முறையில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனியாக ஒரு பகுதி வரும் என்று உதவிப் பக்கத்தில் இருக்கிறது. பொருநைக்காரன் தம்பிக்கும் நன்றி. கடையில் வடிகட்டியை ஒரு முறை சரிபார்த்துவிடுங்கள்.

மூன்றாவது ஷிஃப்ட்:

டீச்சர், நீலத் துளைக்குப் போவதற்கு முன் ஒரு நிமிடம். நான் அதைச் செய்து ஆறு மாதம் ஏமாந்து இருந்தவன்.

ஓசூரில் வாடகை வீடு. கீழே மோடம், மேலே என் ரவுட்டர், உங்கள் வீடு மாதிரியேதான். மேல் அறையில் தங்கும் இரண்டு நண்பர்களுக்காக 'கெஸ்ட்' போட்டேன். அவர்களுக்கு 192.168.5 என்று தொடங்கும் வேறு முகவரி வந்தது. எனக்குப் பெருமை. ஒரு நாள் இரவுப் பணி முடிந்து வந்து படுத்தேன். நண்பன் விளையாட்டாகச் சொன்னான், "உன் வாசல் கேமராவில் நீ செருப்பைத் தேடுவது தெரிந்தது" என்று. கேமரா கீழே மோடத்தின் வைஃபையில் இருந்தது.

நடந்தது என்ன என்றால், கெஸ்ட் பகுதி தன் ரவுட்டரின் உள்வீட்டை மட்டும்தான் பூட்டுகிறது. வெளிப்பக்கம் முழுக்க இணையம் என்று நினைத்துக்கொள்கிறது. ஆனால் உங்கள் மாடி ரவுட்டருக்கு 'வெளிப்பக்கம்' எது? உங்கள் ஹால். டிவி, பிரிண்டர், மாமியார் எல்லோரும் அதன் கண்ணுக்கு இணையத்தில்தான் இருக்கிறார்கள். தானாகத் தேடும்போது பிரிண்டர் தெரியாது. அந்தத் தேடல் அழைப்பு ஒரு வலையமைப்பைத் தாண்டிப் போகாது. ஆனால் முகவரியை நேராகத் தட்டினால் திறக்கும். உங்கள் செய்முறை ஏட்டுக்காரன் 192.168.1.14 என்பதை இன்னேரம் மனப்பாடம் செய்திருப்பான்.

நான் கடைசியில் செய்தது தலைகீழ். நண்பர்களை மோடத்தின் வைஃபைக்கு அனுப்பிவிட்டு, என் பொருள்கள் அனைத்தையும் என் ரவுட்டருக்குப் பின்னால் கொண்டுவந்தேன். வெளியில் இருப்பவர்கள் உள்ளே வரத் தொடங்க முடியாது, உள்ளே இருப்பவர்கள் வெளியே போகலாம். ஒரு ரூபாய் செலவில்லை. உங்களுக்கு இது பொருந்துமா என்று பாருங்கள்.

மாடி வகுப்பு:

பொருந்தாது தம்பி. டிவியும் பிரிண்டரும் கீழே, பிள்ளைகள் மேலே. தலைகீழாக்கினால் பிள்ளைகள் கீழ்த்தள மோடத்தின் அலையைக் கான்கிரீட் தளம் வழியாக உறிஞ்ச வேண்டும். வகுப்பறை மேல் மாடித் தகரக் கொட்டகை. படிக்கட்டுத் திருப்பத்திலேயே ஒரு கோடு ஆகிவிடுகிறது. ஆனால் அந்த 192.168.1.14 விஷயம் என்னை உலுக்கிவிட்டது. மோடத்தின் 192.168.1.1 பக்கத்தையும் அவர்கள் திறக்கலாம்தானே? அதில் இன்னும் பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த கடவுச்சொல்லே இருந்தது. இன்று மாற்றிவிட்டேன்.

கம்பியும் அலையும்:

மூன்றாவது ஷிஃப்ட் சொன்னது நான் சொல்லியிருக்க வேண்டியது. நன்றி.

டீச்சர், உங்களுக்கு வேண்டியது கலப்பு ஏற்பாடு. மாடி ரவுட்டரில் வீட்டுப் பெயர் இப்போது போலவே கீழ்வீட்டோடு ஒரே பாலத்தில் இருக்கட்டும். நீங்கள் மாடியில் இருந்து அச்சடிப்பது எதுவும் கெடாது. டியூஷன் பெயர் மட்டும் தனி முகவரி வரிசையில், தனிச் சுவரோடு. பெட்டியோடு வரும் மென்பொருள் பெரும்பாலும் இந்தக் கலப்பைச் செய்ய விடாது. அதற்குப் பதிலாக ரவுட்டரில் ஏற்றும் ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற மென்பொருள் விடும்.

(கிளைக்கதை, வேண்டாதவர்கள் தாண்டிப் போகலாம். 2002 டிசம்பரில் லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி என்று நீலமும் கறுப்புமாக ஒரு பெட்டியை வெளியிட்டது. உள்ளே இருந்தது லினக்ஸ். லினக்ஸ் உரிமத்தின்படி மூலநிரலைக் கொடுக்க வேண்டும், 2003-இல் கொடுத்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு 2004-இல் பிறந்தது ஓப்பன்டபிள்யூஆர்டி. பெயரின் வால் அந்தப் பெட்டியின் தலை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்த்துத்தான்.)

முதலில் ரவுட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பார்த்து, மாடல் பெயரோடு வி2, வி3 என்று இருக்கும் பதிப்பு எண்ணையும் எழுதுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு பதிப்புகளுக்குள் வேறு வேறு சில்லு இருக்கும். ஓப்பன்டபிள்யூஆர்டி தளத்தின் வன்பொருள் பட்டியலில் அந்த எண் வரை அப்படியே பொருந்தினால் மட்டும் ஏற்றுங்கள். 8 எம்பி ஃப்ளாஷ் (சேமிப்பிடம்), 64 எம்பி ராம் (வேலை நினைவகம்) என்பது அடிமட்டம். 16-ம் 128-ம் இருந்தால் கவலையில்லை. ஏற்றும்போது ரவுட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் செருகுங்கள். நடுவில் மின்சாரம் போனால் ரவுட்டர் செங்கல் ஆகிவிடும். ஏற்றி முடிந்ததும் வைஃபை அணைந்துதான் இருக்கும், பயப்பட வேண்டாம். மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து 192.168.1.1 திறக்க வேண்டும். இப்போதைக்கு மோடத்தின் கேபிளைக் கழற்றிவிடுங்கள், இரண்டு பெட்டிக்கும் அதே முகவரி.

ரவுட்டரின் லேன் (உள்வீட்டு வலையமைப்பு) முகவரியை மோடம் பகிர்ந்து கொடுக்கும் வரம்புக்கு வெளியே வையுங்கள், 192.168.1.250 என்று வைத்துக்கொள்வோம். நுழைவாயிலாகவும் டிஎன்எஸ் (தளத்தின் பெயருக்கு முகவரி சொல்வது) ஆகவும் மோடத்தின் 192.168.1.1. லேனில் டிஎச்சிபியை (கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலை) அணைத்துவிடுங்கள். இதை மறந்தால் வீட்டில் இரண்டு பேர் டோக்கன் கொடுப்பார்கள்; சண்டை வரும். இவ்வளவும் முடித்த பிறகுதான் மோடத்தின் கேபிளை மஞ்சள் துளையில் செருக வேண்டும்.

அடுத்து டியூஷன் பகுதி. துளை எதுவும் சேராத ஒரு வெற்றுப் பாலம் உண்டாக்குங்கள். அதன்மேல் ஒரு இன்டர்ஃபேஸ் (அந்த வலையமைப்பில் ரவுட்டரின் முனை), முகவரி 192.168.30.1. இங்கே டிஎச்சிபி இயங்க வேண்டும். ஒரு முகவரியின் குத்தகைக் காலம் இயல்பாக 12 மணி நேரம் இருக்கும், டியூஷனுக்கு 2 மணி போதும். பிறகு வயர்லெஸ் பக்கத்தில் 2.4-க்கு ஒன்று, 5-க்கு ஒன்று என்று புதிய பெயரைச் சேர்த்து, இரண்டையும் இந்தப் புதிய இன்டர்ஃபேஸில் கட்டுங்கள். பழைய கைபேசிகள் இருக்கும் என்பதால் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. கிளையன்ட் ஐசோலேஷன் (கைபேசிகள் ஒன்றையொன்று காணாதபடி பிரிப்பது) கட்டத்தையும் தேர்ந்தெடுங்கள்.

சுவர் ஃபயர்வாலில் (எதை விடுவது, எதை மறுப்பது என்ற விதிகள்) இருக்கிறது. டியூஷனுக்குத் தனி ஸோன் (ஒரே விதிகள் பொருந்தும் பகுதி). உள்வருகை (ரவுட்டருக்கே வருவது) மறுப்பு, முன்னனுப்பல் (ரவுட்டரைத் தாண்டிப் போவது) மறுப்பு, வெளியேற்றம் அனுமதி. இந்த ஸோனிலிருந்து லேன் ஸோனுக்குப் போக அனுமதி கொடுங்கள். ஆம், லேனுக்கு! பதறாதீர்கள். உங்கள் இணையம் லேன் வழியாகத்தான் மோடத்துக்குப் போகிறது. லேன் ஸோனில் மாஸ்கரேடிங்கை (பிள்ளைகளின் முகவரிக்குப் பதில் ரவுட்டரின் முகவரியைப் போட்டு அனுப்புவது) போடுங்கள், இல்லையென்றால் 192.168.30 என்ற வரிசையை அறியாத மோடம் பதிலை எங்கே அனுப்புவது என்று தெரியாமல் கீழே போட்டுவிடும். அதன் பிறகு தனி விதி ஒன்று: டியூஷனிலிருந்து 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் எல்லா முகவரியும்) நோக்கிப் போகும் எதையும் மறு.

"மோடமே 192.168.1.1-இல் இருக்கும்போது அதை மறுத்தால் இணையம் எப்படி வரும்?" என்று கேட்பீர்கள். கடிதத்தின் மேல் எழுதியிருக்கும் முகவரியைத்தான் விதி பார்க்கிறது. சென்னைக்குப் போகும் கடிதத்தை நெல்லைத் தபால்காரர் வாங்கிக்கொண்டு போவதால் அது தபால்காரருக்கு எழுதிய கடிதம் ஆகாது. மோடம் இங்கே தபால்காரர். அவர் பெயருக்கே எழுதினால்தான் தடை.

கடைசியாக இரண்டு ஓட்டைகள் தேவை. உள்வருகையை முழுக்க மறுத்துவிட்டதால் பிள்ளைகளால் ரவுட்டரிடம் முகவரிகூடக் கேட்க முடியாது. டிஎச்சிபிக்கு யுடிபி என்ற அனுப்பும் முறையில் போர்ட் எண் 67, டிஎன்எஸ்ஸுக்கு 53, இந்த இரண்டையும் மட்டும் திறந்துவிடுங்கள்.

மாடி வகுப்பு:

பத்து நாள் கழித்து வருகிறேன். அரையாண்டுத் தேர்வு முடியும் வரை எதையும் தொடக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

பதிப்பு எண் பொருந்தியது. ஃப்ளாஷ் 16, ராம் 128. என் மடிக்கணினியில் லேன் துளையே இல்லை என்பதைக் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் கண்டுபிடித்தேன். மார்க்கெட் பக்கம் போய் யுஎஸ்பி அடாப்டர் ஒன்று வாங்கி வந்தேன். ஏற்றுவதற்கு மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. அந்த மூன்று நிமிடம் பிளஸ் டூ முடிவுக்குக் காத்திருந்த காலைவேளை போல இருந்தது.

எல்லாவற்றையும் நீங்கள் சொன்னபடி செய்தேன். சோதனை மாணவன் இணைத்தான். 'ஐபி முகவரியைப் பெறுகிறது' என்று சுழன்றுகொண்டே இருந்தது. கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினேன், ரவுட்டரை இரண்டு முறை அணைத்துப் போட்டேன். அரை மணி நேரம் கழித்து விதிகளைத் திரும்பப் படித்தேன். 67-ஐ யுடிபிக்குப் பதிலாக டிசிபி என்ற வேறு முறையில் போட்டிருக்கிறேன். பிள்ளைகளிடம் "கேள்வியைச் சரியாகப் படி" என்று ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்கிறவள் நான். மாணவன் எதுவும் சொல்லவில்லை. முகம் சொன்னது.

திருத்தியதும் 192.168.30.117 வந்தது. இணையம் வருகிறது. பிரிண்டரைத் தேடினான், இல்லை. 192.168.1.14 தட்டினான், மறுத்தது. 192.168.1.1 மறுத்தது. 192.168.1.250 என்று ரவுட்டரின் கீழ்வீட்டு முகவரியையும் தானாகவே தட்டிப் பார்த்தான், அதுவும் மறுத்தது. (இந்த எண் அவனுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என் நோட்டு மேஜைமேல் திறந்து கிடந்தது.) நான் வீட்டுப் பெயரில் இருந்து மாடியிலிருந்தே வினாத்தாள் அச்சடித்தேன், வந்தது.

பெயர் 'மாணவர்' என்று வைத்தேன், 18 பைட். கடவுச்சொல்லைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் கியூஆர் குறியாக அச்சடித்துப் பித்தகோரஸ் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.

ஒரு புகார் மட்டும் வந்திருக்கிறது. இடைவேளையில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஒரே வைஃபையில் விளையாடும் ஏதோ ஓர் ஆட்டம் இப்போது வேலை செய்யவில்லையாம். ஒருவர் கைபேசிக்கு இன்னொருவர் தெரியவில்லையாம். கையெழுத்திட்டு மனுவே கொடுத்தார்கள். அது அந்த ஐசோலேஷன் கட்டத்தின் வேலை என்று புரிந்தது. மனுவை நிராகரித்துவிட்டேன்.

கம்பியும் அலையும்:

டிசிபி, யுடிபி குழப்பம் எனக்கும் நடந்திருக்கிறது, அதுவும் வாடிக்கையாளர் முன்னால். விடுங்கள்.

ஐசோலேஷன் பற்றி ஒன்று. பிள்ளைகளிடம் சொல்ல வேண்டாம். அந்தக் கட்டம் ஒரு ரேடியோவுக்குள் இருப்பவர்களைத்தான் பிரிக்கிறது. ஒருவன் 2.4-இலும் இன்னொருவன் 5-இலும் இருந்தால், இருவரும் பாலத்தின் வழியாக ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். அதையும் அடைக்க வேண்டும் என்றால் பாலத்தில் இரண்டு வைஃபை முனைகளையும் ஒன்றையொன்று காணாதபடி தனியாகப் பிரிக்க வேண்டும்.

மாடி வகுப்பு:

நேற்றே கண்டுபிடித்துவிட்டார்கள். ஜன்னல் ஓரம் இருப்பவர்கள் 2.4, ரவுட்டருக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் 5 என்று பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். பாடத்துக்காக இடம் மாறி உட்காரச் சொன்னால் ஒருவரும் மாற மாட்டார்கள். அந்தப் பாலத்தைப் பிரிக்கும் முறையை எழுதுங்கள், சனிக்கிழமை செய்கிறேன்.